முன்சக்கரத்துக்குத் தைத்த ஜோடி

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

எத்தனை சோப்புப் போட்டும் கிரீஸ் வாசனை போகாத கையோடு எழுதுகிறேன். இடது முன்சக்கரத்தின் பால் ஜாயின்ட்டைக் கழற்றிவிட்டேன். பட்டறையில் இல்லை, நம் வீட்டு வாசலில். நானேதான்.

நீங்கள் போன பிறகு வெள்ளைக் காரை நான் ஓட்டுகிறேன். காலையில் ஆம்பூரிலிருந்து கிளம்பி, அம்மாவை நர்ஸ் டியூட்டிக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே மேல்விஷாரத்தில் என் கல்லூரி நூலகத்துக்குப் போகிறேன். போன மாதத்திலிருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் இடது பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

உங்களுக்குத் தெரிந்ததுதான். கூடவே இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் நுனியில், ஒரு குழிக்குள் எஃகு உருண்டை ஒன்று உருளும், நம் தோள்மூட்டு மாதிரி. அது தேய்ந்தால் சத்தம் வரும். ஒருநாள் கழன்றுகொண்டால் சக்கரம் மடிந்து வண்டி தரையில் உட்காரும்.

“இந்தச் சத்தத்தோட நான் ஏற மாட்டேன்,” என்றாள் அம்மா. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. “வித்துடுக்கா. திருப்பத்தூர்ல ஒரு ஆள் இருக்கான், இருக்குற மாதிரியே எடுத்துக்குவான்.” அம்மா காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, “சத்தம் நிக்கலன்னா ஞாயித்துக்கெழம வரச் சொல்லு,” என்றாள்.

பட்டறைக்குத்தான் முதலில் போனேன். அங்கே ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னாம்மா இது, வண்டிக்கு சாக்ஸ் மாட்டி வெச்சிருக்கீங்க? இத அறுத்துட்டுத்தான் ஃபோர்க் வெச்சு அடிக்கணும்.”

அது நீங்கள் தைத்த உறை. உருண்டைக்கு மேல் கிரீஸைக் காக்கும் ரப்பர் கிழிந்தபோது, உங்கள் கம்பெனியில் கட்டிங் போக மிஞ்சிய ஷூ தோலைக் கொண்டுவந்து தைத்தீர்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தையலை உள்பக்கம் திருப்பியிருந்ததால், அறுக்காமல் பிரிக்க வழியில்லை. ஆனால் ஜாயின்ட்டையே அடிக்காமல் பிரித்தால் உறையை முழுசாக உருவிக்கொள்ளலாம். காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அத மட்டும் கிழிச்சிடாத.”

அன்று சாயங்காலம் பஜாரில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ, ஜாயின்ட்டை எதால் பிரிப்பது என்பதைப் பற்றி இவ்வளவு சண்டை போட்டிருக்கிறார்கள். ஃபோர்க் என்பது இரண்டு பல்லுள்ள இரும்பு ஆப்பு. இடுக்கில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் சீக்கிரம் பிரியும், ஆனால் நடுவில் இருக்கும் ரப்பரைக் கிழிக்காமல் விடாது. புல்லர் பொறுமையான சாமான். வாயை இடுக்கில் நுழைத்துத் திருகைச் சுற்றினால், உருண்டையிலிருந்து நீளும் ஆணியின் நுனியை அழுத்தித் தள்ளும். அழுத்தி எடுக்கும் பெரிய பிரஸ் ஒன்றும் உண்டு. நம் காரில் ஜாயின்ட் அந்த இரும்புக் கையில் போல்ட்டால்தான் நிற்கிறது, அதனால் அது வேண்டாம்.

புல்லர்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த அளவு என்பதுதான் தெரியவில்லை. வாய் ஆணியின் கழுத்தைச் சுற்றி நுழைய வேண்டும், உங்கள் தோலை நசுக்காத அளவுக்கு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். சட்டைப் பெட்டியின் அட்டையை எடுத்து, இடுக்கில் நுழைத்து, தட்டுகிற இடத்தில் வெட்டி, மறுபடி நுழைத்து, சரியாக உட்காரும்வரை வெட்டினேன். அதை எடுத்துக்கொண்டு நசீர் பாய் கடைக்குப் போனேன். இன்னும் அதே டூல்ஸ் கடைதான் வைத்திருக்கிறார், உங்கள் தோஸ்த்.

“இன்னா பாப்பா, புல்லர் கேட்டுட்டு பேட்டர்ன் நீட்டுற? ஷூ தைக்கப் போறியா?”

“அளவுக்கு பாய்.”

“அப்பன் புள்ள. அந்த ஆளும் ஒரு ஸ்பேனர் வாங்க வந்தாக்கூட அட்டையோடதான் வருவாரு.” ஒரு ஃபோர்க்கை எடுத்து மேசையில் போட்டார். “இத எடுத்துக்கோ. விலையும் கம்மி. ரெண்டு தட்டு, முடிஞ்சுது. புது ஜாயின்ட் போடப்போற, பழைய ரப்பர் கிழிஞ்சா உனக்கு இன்னா?”

அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு யாருக்காக இருந்தாலும் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

“ரப்பர் இல்ல பாய். தோல்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அது இன்னுமா இருக்குது?”

ஃபோர்க்கை அவரே உள்ளே எடுத்துப் போனார். பிறகு ஒவ்வொரு புல்லராகக் கொண்டுவந்து அட்டையோடு வைத்துப் பார்த்தார். ஒன்று கனம் ஜாஸ்தி, ஒன்றுக்கு வாய் சின்னது. பொருந்தியதைத் துடைத்துக் கொடுக்கும்போது, “நட்ட முழுசா கழட்டிடாத. நாலு மரை விட்டு வெய்யி. எகிறுச்சுன்னா மூஞ்சி பேஜாராயிடும், அப்புறம் உங்கம்மாகிட்ட யாரு திட்டு வாங்குறது?” என்றார்.

சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் இரவல் வாங்கி வைத்திருந்தேன். திருகைச் சுற்றினேன், இறுகியது. இன்னும் சுற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஜாயின்ட் பிரிந்திருந்தது. உறையில் ஒரு கீறல் இல்லை.

உருவி எடுத்தேன். உள்ளே ரப்பர் இரண்டாகக் கிழிந்து கிடந்தது. கிரீஸ் காய்ந்து காவி நிறமாகியிருந்தது. உருண்டை ஒரு பக்கம் துருவால் அரிக்கப்பட்டிருந்தது. “ரப்பர் காஞ்சு வெடிக்கும், தோல் வெடிக்காது” என்று சொன்னீர்களே, அது உண்மைதான். உங்கள் தோல் வெடிக்கவே இல்லை. ஒவ்வொரு மழையிலும் தண்ணீரைக் குடித்து, அதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது.

அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் இரண்டையும் காட்டினேன். உறையைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தாள். வார்டில் எத்தனையோ கட்டுகளைப் பிரித்துப் பார்த்த விரல்கள்.

“ஈரக் கட்டு,” என்றாள். “மேல பாத்தா சுத்தமாத்தான் இருக்கும். பிரிச்சாதான் தெரியும்.”

அப்போதுதான் எனக்கு வலது பக்கம் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஓர் உறை இருக்கிறது. அந்தப் பக்கத்து ரப்பர் கிழியவே இல்லையே, அதற்கு எதற்கு உறை என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா சிரித்துவிட்டாள். “நானும் கேட்டேன். ஒத்தக் காலுக்கு யாராவது ஷூ தைப்பாங்களாடின்னாரு.”

“அத மாட்ட வலது ஜாயின்ட்ட எதுலம்மா பிரிச்சாரு?”

“எதுலன்னா? எடதுக்கு அடிச்ச அதே ஃபோர்க்குதான். நான்தான் டார்ச் பிடிச்சேன்.”

ஃபோர்க் ரப்பரைக் கிழிக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால், பேசி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் இருவரும் வலது சக்கரத்தைப் பார்த்தோம். அப்பா, நன்றாக இருந்த ரப்பரை, ஜோடி சேர்ப்பதற்காகக் கிழித்துவிட்டீர்களா? அடிக்கும்போது தெரிந்ததா? தெரிந்துதான், உறைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டீர்களா?

புது ஜாயின்ட் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில், வேண்டுமென்றே பள்ளமான தெருவில் ஓட்டினேன். சத்தம் இல்லை. ஆனால் வலது பக்கத்திலும் சத்தம் கேட்கவே இல்லை என்பது இப்போது நல்ல செய்தியாகப் படவில்லை. அம்மாவும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். இறங்கும்போது, “அந்தப் பக்கமும் பாத்துடு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன், வண்டி விக்கலன்னு,” என்றாள்.

இடது உறையை நிழலில் காய வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்கு முன் அதன் ஜோடியையும் எடுத்துவிடுவேன். புது ரப்பரின் மேல் எதையும் தைக்க மாட்டேன், அதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். உள்ளே என்ன இருந்தாலும், உங்கள் தையலுக்குப் பக்கத்தில் ஃபோர்க்கை வைக்க மாட்டேன்.

அட்டை வெட்டி அளவெடுக்கும்,
உங்கள் மூத்த மகள்