எண்ணெயா, முருங்கைத் தழையா?

நங்கையா,

இன்று காலை புதுத் தீவன மூட்டையைப் பிரித்தபோது பழைய பலகார எண்ணெய் வாடை லேசாக அடித்தது. என் பிரமையாகவும் இருக்கலாம். நீங்கள் இருந்திருந்தால் யோசிக்காமல் மூட்டையைத் திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியின் பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல், நாத்தனாரும் தம்பி மனைவியுமான நாம் இருவரும் வேலையை விட்டோம். உடுமலைப்பேட்டைப் பக்கம் உங்கள் தம்பியின், அதாவது என் வீட்டுக்காரரின், தோட்டத்தில் கறிக்கோழிக் கொட்டகை போட்டோம். குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனி தரும். கொட்டகையும் உழைப்பும் நம்முடையவை. அதுவும் போனால் மறுபடி பனியனுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் குஞ்சுகள் தள்ளாடத் தொடங்கின. தலை முதுகுப் பக்கம் வளைய, சாய்ந்து விழுந்து, காலை உதைத்தபடியே செத்தன. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"தண்ணிக் குழாயக் கழுவறீங்களா இல்லீங்களா?"

கேள்வி தண்ணீரைப் பற்றியது. பார்வை வேறு எதையோ கேட்டது. நல்ல கோழியை வெளியே விற்றுவிட்டுச் செத்ததாகச் சொல்கிறோம் என்று நினைத்தார். இனி இப்படியானால் குஞ்சு இறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீங்களோ தீவனத்தைச் சந்தேகித்தீர்கள். "சிக்கு வாடை அடிக்குது. கெட்ட எண்ணெயக் கலந்திருக்கறானுக" என்றீர்கள். கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டோம். கெட்டுப்போன எண்ணெய் தீவனத்திலுள்ள வைட்டமின் ஈ-யை அழித்துவிடும், அதனால் குஞ்சின் மூளை பாதிக்கலாம் என்றார். முருங்கை போன்ற தழைகளில் அந்தக் கேட்டைத் தடுக்கும் சத்து உண்டு என்றும் சொன்னார். 'லாம்' என்று அவர் இழுத்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை.

கொட்டகை மூலையில் வலை கட்டிக் கொஞ்சம் குஞ்சுகளைப் பிரித்தீர்கள். பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய வேறு கம்பெனித் தீவனத்தோடு, நிழலில் காயவைத்துப் பொடித்த முருங்கைத் தழையைக் கலந்து போட்டோம். அந்த மூலையில் புதிதாக எதுவும் விழவில்லை.

"முருங்கை காப்பாத்திடுச்சுங்க நங்கையா!"

நீங்கள் சிரிக்கவில்லை. "தீவனத்தையும் மாத்துனோம், தழையும் போட்டோம். எது காப்பாத்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

மேலும் இரண்டு தடுப்புகள் கட்டினீர்கள். ஒன்றில் கம்பெனித் தீவனமும் தழையும். மற்றதில் வெளித்தீவனம் மட்டும். தழை போட்ட தடுப்பில் சாவு குறைந்தது, நிற்கவில்லை. வெளித்தீவனம் மட்டும் தின்றவை நன்றாக ஓடின.

சொல்லாமல் வந்து நின்ற சூப்பர்வைசர் தடுப்புகளைப் பார்த்துவிட்டார். வெளித்தீவனம் போடுவது ஒப்பந்தத்துக்கு விரோதம். நீங்கள் கம்பெனி மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி அவர் முகத்தருகே நீட்டினீர்கள்.

"மோந்து பாருங்க. இதுல கலந்த எண்ணெயில வடை சுட்டா உங்கூட்டுல திம்பீங்களா?"

அவர் முகர்ந்தார். மூன்று தடுப்புகளையும் வெகுநேரம் பார்த்தார். வண்டியேறிப் போய்விட்டார். மறுநாளே வேறு மூட்டைகள் வந்தன. எண்ணெய் கெட்டது என்று கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வளர்ப்புக்குக் குஞ்சு மட்டும் தவறாமல் வந்து இறங்கியது.

சில வருடங்களில் உங்களுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பஞ்சுத் தூசி என்றார் ஒரு டாக்டர். கோழி எருவின் நெடி என்றார் இன்னொருவர். இரண்டு பேரையும் நீங்கள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் உங்கள் பக்கத்திலேயே நின்றவள் நான்; எனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

எது உங்களைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியாது. அதனால் என் மகளைப் பனியனுக்கும் அனுப்பவில்லை, கொட்டகைக்குள்ளும் விடுவதில்லை. காலையில் பிரித்த மூட்டையையும் திருப்பி அனுப்பப் போகிறேன். ஏன் என்று கேட்கிறாள். "சந்தேகம்தான் கண்ணு" என்கிறேன்.