தூக்கிய கை

பால்கனி அலமாரியைத் துப்புரவாக்கப் போன சுகந்தி இன்று காலை உங்களுடைய பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். அதன் தோல்பட்டியில் உங்கள் கழுத்து வேர்வையும் நீங்கள் பூசுகிற யூக்கலிப்டஸ் தைலமும் இன்னும் மணக்கின்றன. நீங்கள் போய் இரண்டு கோடை முடிந்துவிட்டது, மணம் போகவில்லை. உங்களைப் போலத்தான் அதுவும், பிடிவாதம்.

“அம்மா, இதை அப்பாவின்ர படத்துக்குப் பக்கத்திலை கொழுவி விடட்டே?” என்றாள்.

“கபோ சந்தையிலை பழஞ்சாமான் விக்கிறவனுக்குக் குடு.”

“என்னம்மா நீங்கள், செத்த மனுசனோடையும் கோவமே?”

செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று எந்த வேதத்தில் இருக்கிறது? உயிரோடு இருப்பவன் நாளைக்காவது மாறலாம். நீங்கள் இனி மாறப்போவதில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். மறதி எனக்கு வராது என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தூரக்கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். இங்கே பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில் நான் பராமரித்த கிழவர் செத்தபோது, அவருடைய உடுப்புகளோடு அதையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்காரச் சிஞ்ஞோரா தந்தா. உடுப்பு உங்களுக்கு அளவில்லை. கண்ணாடி அளவாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால் உங்களைக் காணக் கிடைக்காது. பென்சன் எடுத்த பஸ் சாரதி தோத்தோ தன் சின்னக் காரில் வந்து கீழே நின்று ஹோர்ன் அடிப்பான். இரண்டு பேரும் திராப்பனிப் பக்கம், உப்பளங்களுக்கு அங்காலே இருக்கிற விமானப்படைத் தளத்தின் கம்பிவேலியில் போய் நிற்பீர்கள். விமானம் பார்க்க! எங்கள் சனம் விமானத்தைக் கண்டு ஓடிய சனம். நீங்கள் மட்டும் கார் பிடித்துப் போய்ப் பார்த்தீர்கள்.

மன்னாரில் நீங்கள் கடலுக்குப் போன ஆள். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வருகிற வள்ளம் யாருடையது என்று எஞ்சின் சத்தத்திலேயே சொல்வீர்கள். சண்டை தொடங்கியதும் ஊர் அந்தக் காதை வானத்துக்குத் திருப்பிவிட்டது. சத்தம் கேட்டால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் முற்றத்தின் நடுவில் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பீர்கள். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினால் ஊர் பங்கருக்குள் இறங்கும். கையை மேலே தூக்கினால் ஒன்றுமில்லை, வெளியே வரலாம், அடுப்பைப் பார்க்கலாம். உங்கள் ஒரு கையில் அத்தனை வீடும் ஏறி இறங்கியது. நீங்கள் அதை ரசிக்கவில்லை என்று சொல்லாதீர்கள். நான் பார்த்தேன்.

சுற்றிச் சுற்றிப் பறந்து இடம் பார்த்துச் சொல்லும் சின்ன விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் கோள்மூட்டி. அதற்குப் பின்னால் வந்து பீப்பாய்க் குண்டு தள்ளுவது சகடை. சகடையும் ஆமிக்காரருக்குச் சாமான் ஏற்றிப் போகிற விமானமும் கிட்டத்தட்ட ஒரே இரைச்சல். உங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று ஊர் நம்பியது.

அன்று மத்தியானம் கோள்மூட்டி வந்து போய்விட்டது. நாங்கள் பங்கருக்குள் இருந்தோம். மூத்தவள் றோசா என் மடியில். தலைப்பின்னல் ஒரு பக்கம் முடிந்து மற்றப் பக்கம் பாதியில் இருந்தது. அப்போது இன்னொரு சத்தம். நீங்கள் வெளியே நின்று கேட்டீர்கள்.

“சாமான் பிளேன்,” என்றீர்கள். கையைத் தூக்கினீர்கள்.

பங்கர் வாசலால் அந்தக் கை எனக்குத் தெரிந்தது. றோசாவுக்கும் தெரிந்தது. “அப்பா கை தூக்கிட்டார்!” என்று ஏறிப் போனாள். றிபன் என் கையில் இருந்தது.

கிணற்றுக்கட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள். அந்தப் பக்கம் அவள் நின்றாள். வந்தது சகடை, குண்டு அந்தப் பக்கம் விழுந்தது. அவ்வளவுதான்.

நன்றாகக் கேளுங்கள். காது பிழைத்ததற்காக நான் உங்களோடு கோபிக்கவில்லை. காது என்றால் பிழைக்கும். செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “பிள்ளை சொல்வழி கேளாமல் வெளியிலை ஓடி வந்திட்டுது.” பெட்டிக்குள் கிடந்தவள் எழும்பி, இல்லை அப்பா, நீங்கள்தான் கை தூக்கினீர்கள் என்று சொல்லமாட்டாள் என்ற துணிவு. அதற்குத்தான் கோபம். பிறகு சுகந்தி பிறந்தாள். அவள் சோறு வேண்டாம் என்றாலும், மழையில் இறங்கினாலும், உங்களிடம் ஒரே பாட்டு: “அக்கா மாதிரிச் சொல்வழி கேளாமல் இருக்காதை.” ஆறு வயதில் செத்த பிள்ளையை எடுத்து உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பூச்சாண்டி காட்டினீர்கள்.

நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு வசனம். ‘நான் கை தூக்கினதாலைதான் அவள் வந்தவள்.’ இதைச் சொல்லுங்கோ என்று கேட்டேன். கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக்கிடந்த அறையில் கேட்டேன். பலெர்மோவுக்கு வந்து, கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் விசாவுக்கு வரிசையில் நின்றபோதும் கேட்டேன். “பழசைக் கிண்டாதை,” என்பீர்கள். உங்களுக்குப் பழசு. எனக்கு அந்தப் பின்னல் இன்னும் பாதியில் நிற்கிறது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னீர்கள். “ஒருக்கா வந்து பார், பிறகு கதை,” என்றீர்கள். பூசைக்கு உடுத்த சீலையோடு ஏறினேன். தோத்தோவின் மனிசி சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சீனாவை ஒரு பெட்டி நிறையத் தந்துவிட்டிருந்தா. வேலியோரம் மடக்குக் கதிரைகள், நீளக் குழாய் வைத்த கமராக்கள், தொப்பி போட்ட கிழவர்கள். ஏதோ திருவிழாவுக்கு வந்தவர்கள் மாதிரி. எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருந்தது.

தோத்தோ தன் சால்வையால் உங்கள் கண்ணைக் கட்டினான். அதுதான் உங்களுடைய வாராந்தர விளையாட்டாம். ஒவ்வொரு விமானமும் எழும்ப எழும்ப, நீங்கள் தலையைச் சரித்து, அதே சரிப்பு, அதன் பெயரைச் சொன்னீர்கள். ஒன்றும் பிழைக்கவில்லை. கிழவர்கள் கை தட்டினார்கள். “உன்ர புருசன்ர காது தங்கம், சிஞ்ஞோரா,” என்று தோத்தோ தன் இத்தாலியில் என்னிடம் சொன்னான். அந்தத் தங்கம் அன்றைக்கு எந்த அடைவுகடையில் இருந்தது என்று கேட்க எனக்கு இத்தாலி போதவில்லை.

அரஞ்சீனாவைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் கடல் பக்கத்தால் ஒரு போர்விமானம் பனையளவு உயரத்தில் வந்தது. நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவர்கள் எங்கள் ஊரில் மிஞ்சவில்லை. குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல் தூக்கி, காதைப் பொத்தி, வாயைத் திறந்துவிட்டேன். அரஞ்சீனா உருண்டு வேலிக்குக் கீழே போய் நின்றது.

நீங்கள் சிரித்தீர்கள்.

கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். “இஞ்சை பாருங்கோ இவவை! இன்னும் பங்கருக்குள்ளைதான் இருக்கிறா,” என்று தமிழில் சொல்லி, பிறகு அதையே இத்தாலியிலும் சொன்னீர்கள், ஒருவரும் தவறவிடக் கூடாது என்று. இரண்டொரு கிழவர்கள் சேர்ந்து சிரித்தார்கள். தோத்தோ சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி நிறுத்திச் சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். ஏன் இப்படி விழுந்தா என்று உங்களிடம் கேட்டான்.

அப்போதாவது உங்கள் வாய் உண்மைக்குத் திறக்கும் என்று நினைத்தேன். இஞ்சை எங்களை யாருக்குத் தெரியும்? யாரிடம் மானம் போகப்போகிறது? நீங்களோ முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு கதையைத் தொடங்கினீர்கள். குண்டு. வீடு. பம்பீனா. நொன் அஸ்கொல்த்தாரே. பிள்ளை கேட்கவில்லை, ஓடி வந்தாள்.

வேறு எந்தச் சொல்லை நான் விட்டாலும் அந்தச் சொல்லை விடமாட்டேன். ‘அஸ்கொல்த்தா’, கேள், கேள் என்று சிஞ்ஞோராக்கள் காலையிலிருந்து பின்னேரம் வரை என்னிடம் சொல்கிற சொல் அது. கடல் தாண்டி, நாடு தாண்டி வந்தும், பெயர் தெரியாத கிழவர்களிடமும் என் பிள்ளையைக் கேளாதவள் ஆக்கிவிட்டீர்கள்.

“நோ,” என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். “மானோ. லூயி, மானோ கொசீ.” கை. இவர், கையை இப்படி. என் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். “பம்பீனா வேதே. எஷே.” பிள்ளை பார்க்குது. வெளியிலை வருது.

நீங்கள் அப்போது வெயிலுக்கு நெற்றியில் கை வைத்திருந்தீர்கள். தோத்தோ அந்தக் கையைப் பார்த்தான். நீங்கள் மெதுவாக இறக்கினீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ விமானம் எழும்பியது. ஒருவரும் உங்களிடம் பெயர் கேட்கவில்லை.

தோத்தோ எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வீட்டுப் படியில் வைத்துத்தான் வாய் திறந்தீர்கள்.

“ஆக்களுக்கு முன்னாலை என்னைக் கொன்றுபோட்டாய்.”

“நான் கொன்றது உங்களை. நீங்கள் கொன்றது ஆரை?”

“அறுந்த வாய்.”

“ஓம், அறுந்த வாய்தான். இப்பவாவது சொல்லுங்கோ. இஞ்சை ஆருமில்லை. படிக்கட்டும் நானும்தான்.”

“என்னத்தைச் சொல்ல?” என்று கேட்டுவிட்டு மேலே ஏறினீர்கள்.

தோத்தோ பிறகு ஹோர்ன் அடிக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து ஜன்னலோரம் இருப்பீர்கள். கீழே ஒரு ஹோர்ன் கேட்டால் உங்கள் கழுத்து திரும்பும். நான் அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். பாவமாக இருக்கவில்லை. உங்கள் ஒரு சந்தோசத்தைப் பிடுங்கினேன், அது எனக்கு ருசியாக இருந்தது. சில வருசத்தில் உங்கள் தங்கக் காதும் அடைத்துப் போயிற்று. வீட்டில் எல்லோரும் உங்களிடம் கத்திக் கதைத்தார்கள். நான் மெதுவாகவே கதைத்தேன்.

கடைசிக் கோடையில் நீங்கள் ஆசுப்பத்திரியில் கிடந்தபோது மலைகளில் தீ. தீயணைக்கிற மஞ்சள் விமானங்கள் கடலில் தண்ணீரை அள்ளிக்கொண்டு நகரத்துக்கு மேலாலே தாழப் பறந்தன. பாதர் வந்து பாவமன்னிப்புத் தந்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் சொன்னீர்களோ தெரியாது. அவரிடம் சொன்னது கடவுளுக்குப் போகும், எனக்கு வராது.

ஒரு விமானம் ஜன்னல் கண்ணாடி அதிரப் போனது. உங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் கட்டில் நடுங்கியது தெரிந்திருக்கிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஊர் முழுக்க உங்களைப் பார்த்த பார்வை அது: என்ன சத்தம்? இருக்கவோ, ஓடவோ?

நான் கையைத் தூக்கினேன்.

‘ஒண்டுமில்லை’ என்று வாயசைத்தேன். தலைக்கு மேலே நேராக, விரல்களை விரித்து, நீங்கள் தூக்கியது போலவே. இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் முகம் வெளிறியதைப் பார்த்தேன். வேண்டுமென்றுதான் செய்தேன். இன்னொரு முறை உங்களுக்கு உயிர் வந்தால் இன்னொரு முறையும் செய்வேன்.

நீங்கள் ஊசி ஏறியிருந்த கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தீர்கள். பலமில்லை, ஆனாலும் விடவில்லை. இழுத்து இழுத்து என் கையைக் கட்டில்வரை இறக்கி, உள்ளங்கையைப் படுக்கையோடு அமுக்கிப் பிடித்தீர்கள். கீழே. பங்கருக்குள். அன்று காட்டியிருக்க வேண்டியதை.

வாசலில் நின்ற சுகந்தி அழுதாள். “அம்மா, அப்பா மன்னிப்புக் கேட்டிட்டார். விளங்கேல்லையே உங்களுக்கு?” என்றாள்.

“வாய் இருக்குத்தானே. வாயாலை கேக்கட்டும்,” என்றேன்.

நீங்கள் வாயால் கேட்கவில்லை. மறுநாள் போய்விட்டீர்கள். கையால் சொன்னீர்கள். கையால் செய்ததற்குக் கையால் சொன்னால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். பிள்ளையின் பெயரைக் கெடுத்தது உங்கள் வாய். அந்தக் கணக்கு அப்படியே கிடக்கிறது. அங்கே றோசாவைக் கண்டால் முதலில் அவளிடம் சொல்லுங்கள், எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.

பைனாகுலரைச் சுகந்தி விற்க விடமாட்டாள் போலிருக்கிறது. கொழுவட்டும். உங்களுடையதென்று நான் வைத்திருப்பது அது இல்லை. இந்த நகரத்துக்கு மேலே எந்த விமானம் போனாலும், சட்டி கழுவிக்கொண்டு நின்றாலும் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தாலும், என் வலது கை தானாக எழும்பி, உள்ளங்கையைக் கீழே காட்டுகிறது. நீங்கள் கடைசியாக அமுக்கிவிட்ட மாதிரியே. பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் இறக்கமாட்டேன், மேலே தூக்கவும் மாட்டேன். எங்கேயோ ஒரு பங்கர் வாசலால் றோசா பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெளியில் வந்துவிடக் கூடாது.