பூட்டுக்கார அக்கா கேட்ட சாட்சி

அக்கா,

அன்றைக்கு என் வீட்டு வாசலில் நின்றவர்கள் இவர்கள்: என் மாமியார் தனம்மா, சைக்கிள் கடை மஸ்தான் பாய், கம்பெனி கேட் வாட்ச்மேன் கோவிந்தசாமி, எதிர் வீட்டுக்காரி, நான், அப்புறம் நீ. சும்மா வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்களை நான் சேர்க்கவில்லை. நீயும் சேர்க்க மாட்டாய். பூட்டில் கை வைப்பதற்கு முன்னால் நிற்பவர்களின் பேரைக் கேட்டு, வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வது உன் வழக்கம். உனக்கு எழுத்து வராது. எனக்கும் மூன்றாவதோடு சரி. எழுதி வைக்கும் பழக்கம் இல்லாததால் நாம் இரண்டு பேரும் எதையும் மறந்ததில்லை.

இன்று காலையில் உன் வாசனை வந்தது. அதனால்தான் பேரன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திருவள்ளூரில் மகன் வீட்டில் இருக்கிறேன், மாடி வீடு. பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். காற்றில் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. இந்தக் கதவுகள் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்காது. பக்கத்து வீட்டுப் பெண் மகனுக்கு போன் போட்டாள், மகன் யாருக்கோ போன் போட்டான், பைக்கில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். மிஷினை வைத்து ஒரே குடைச்சல். நான் படியில் சரியாக உட்காரக்கூட இல்லை, கதவு திறந்துவிட்டது. இரும்புப் பொடி கீழே கொட்டிக் கிடந்தது. அந்தச் சூட்டு வாசனை அப்படியே உன் புடவை வாசனை.

"ஏம்ப்பா, இது என் ஊடுதானான்னு ஒரு வார்த்த கேக்கலியே?" என்றேன்.

"நைட்டியோட கையில பால் வெச்சிக்கினு நிக்கிறீங்க. வேற யாரு ஊடா இருக்கப்போவுது பாட்டி?" என்று சிரித்தான்.

சரியான பதில்தான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நீ அப்படிப் பூட்டைத் திறந்தவள் இல்லையே.

எழுபதுகளின் கடைசி அது. கும்மிடிப்பூண்டியில் முள்ளுக்காட்டை அழித்து வரிசையாகக் கம்பெனி செட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்கத்தா ரோட்டிலிருந்து உள்ளே தள்ளித் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டுக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்கத்தா போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வந்தால் குளித்துவிட்டுத் தூங்குவார், எழுந்தால் கிளம்புவார். என் பெரியவன் அவரைப் பார்த்து "மாமா" என்று கூப்பிட்டான். அன்றைக்கு நான் அழுதேன், அவர் அழவில்லை. ஆனால் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கம்பெனி ஒன்றில் சாப்பாடு போட ஆள் தேடினார்கள். தை அமாவாசையன்று மிஷினுக்குப் பூஜை. சாயங்காலம் வேலையாட்கள் எல்லாருக்கும் இட்லி, வடை, சட்னி கொடுக்க வேண்டும். நன்றாக இருந்தால் கேன்டீன் எங்களுக்கு. இல்லாவிட்டால் பொன்னேரி ஓட்டல்காரருக்கு. கேன்டீன் கிடைத்தால் அவர் லாரியை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் நாளே மாவு ஆட்டி வைத்தோம். சமையல் கட்டில் இடம் இல்லாததால் அண்டாக்களை வாசல் கதவுக்குப் பின்னால் வைத்தோம். ஆனால் என் மாமியார் தை அமாவாசைக்குத் திருவள்ளூர் குளத்தில் வெல்லம் போடாமல் இருக்க மாட்டேன் என்று நின்றார். முட்டி வலி அவருக்கு. தண்ணீரில் வெல்லம் கரைகிற மாதிரி நோவும் கரைந்துவிடும் என்று வருஷா வருஷம் போடுவார். விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், பெரியபாளையம் வழியாக மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டோம். வடைக்குப் பருப்பு ஊறப்போட வேண்டும் என்ற நினைப்போடு ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் நின்றேன். சாவி கேட்டேன்.

வீட்டுச் சாவி எப்போதும் மாமியார் இடுப்பில் இருக்கிற சுருக்குப் பையில்தான். அதை அவர் யாரிடமும் தந்தது கிடையாது. பைக்குள் கையை விட்டார். வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு டப்பி இருந்தது. இன்னொரு அறையைத் திறந்து பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில்தான் வெல்லமும் சாவியும் ஒன்றாக இருந்திருக்கின்றன.

"வெல்லத்த கையில எடுக்காம பையோட கவுத்துட்டன்டி. டொபுக்குன்னு சத்தம் கேட்டுது. என் நோவுதான் அவ்ளோ கனமா உழுதுன்னு நெனச்சிக்கினேன்."

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எதை முன்னால் விடுவது என்று தெரியவில்லை.

மாங்காய் அளவுக்குக் கனமான திண்டுக்கல் பூட்டு அது. பூட்டையோ கதவையோ உடைத்தால் வீட்டு ஓனர் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிடுவார். மஸ்தான் பாய் பார்த்துவிட்டு, "ஒடைக்காத மா, பேஜாராயிடும். பஸ் ஸ்டாண்டாண்ட பூட்டு ரிப்பேர்காரர் இருக்காரு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கேரியரில் தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

என் மாமியார் உன்னை மேலும் கீழும் பார்த்தார். ஆம்பளை இல்லையா என்று கேட்டார்.

"இருக்காரு பெரிம்மா. எளாவூர் செக்போஸ்ட்ல ஒரு லாரிக்குள்ள சாவிய வெச்சிப் பூட்டிக்கினானாம், அதத் தொறந்துக்கினு இருக்காரு. அவரு வர்ற வரைக்கும் நிக்கிறியா, நான் பாக்கட்டுமா?"

நான் உன் காலில் விழாத குறையாகப் பாரு அக்கா என்றேன். நீ பூட்டைத் தொடவே இல்லை. பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு, இது யார் வீடு என்றாய். என் வீடு என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்றாய். உறவுக்காரர்களாக இல்லாமல், அதே தெருவிலிருந்து இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் என்றாய். முன்னால் ஒருத்தனுக்கு உன் புருஷன் நம்பிப் பூட்டைத் திறந்துவிட்டு, அது அவன் அண்ணன் வீடு என்று அப்புறம் தெரிந்து, போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாய். அன்றிலிருந்து இரண்டு சாட்சி இல்லாமல் உங்கள் கை பூட்டில் படாது.

மஸ்தான் பாய் உடனே சொன்னார். அவர் ஒருத்தர். இன்னொருத்தர் யார்? கோவிந்தசாமி அப்போதுதான் வந்து சைக்கிளை ஊன்றினார். டிபன் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார்களாம். அடுப்பே மூட்டவில்லை என்றால் பொன்னேரிக்கு ஆள் அனுப்பிவிடுவார்களாம். அவரைச் சாட்சி சொல்லச் சொன்னேன். அவர் கம்பெனி ஆள், தெரு ஆள் இல்லை என்று நீ தள்ளிவிட்டாய். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் பூஜை பார்க்கப் போய்விட்டார்கள்.

எதிர் வீட்டுக்காரி மட்டும் கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். தினமும் ஏதாவது இரவல் கேட்டு என் வீட்டுக்கு வருகிறவள். என் பிள்ளை பேர் தெரியும், என் வீட்டுக் குழம்பு ருசி தெரியும். அவளைக் கூப்பிட்டேன். மெதுவாக வந்தாள். நீ அவளைக் கேட்டாய்.

"எனக்கு இன்னாம்மா தெரியும்? புதுசு புதுசா யார் யாரோ வராங்க, போறாங்க. யாரு ஊடுன்னு நான் இன்னாத்தக் கண்டேன்" என்றாள்.

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், அக்கா. அவள் தம்பியும் அந்தக் கேன்டீனைக் கேட்டிருந்தான். அது எனக்கும் தெரியும், மஸ்தான் பாய்க்கும் தெரியும். உனக்குத் தெரியாது. நீ பெட்டியை மூடினாய். கோவிந்தசாமி சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கோ என்று கத்தினேன். கதவுக்குப் பின்னால் அண்டா நிறைய மாவு, மேலே முறம், ஆணியில் அவருடைய காக்கிச் சட்டை என்று வரிசையாகச் சொன்னேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றாள் எதிர் வீட்டுக்காரி. அப்போது எரிச்சலில், "மாவுல வெந்தயத்த அள்ளிக் கொட்டிச்சே எங்க அத்த, அதுவுமா ஜன்னல்ல தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். என் மாமியார் என்னை முறைத்தார்.

அந்த நேரம் பார்த்து அது வந்தது. கதவுக்கு அடியில் ஒரு விரல் சந்து இருந்தது. வீடு கழுவினால் தண்ணீர் வெளியே போக வேண்டும் என்று தரையை வாசல் பக்கம் சரித்துப் போட்டிருந்தார்கள். தகரத்தின் சூட்டில் மாவு பொங்கி, அண்டாவைத் தாண்டி, சந்து வழியாக வெள்ளையாக மெல்ல எட்டிப்பார்த்தது. எல்லாரும் அதையே பார்த்தோம். நீதான் குனிந்தாய். மண் படாத இடத்தில் விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாய். முகத்தைச் சுளித்தாய்.

"சீ, கசக்குது. இவ ஊடுதான்" என்றாய்.

மஸ்தான் பாய் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி கீழே விழுந்தது. கோவிந்தசாமி சைக்கிளை மறுபடி ஊன்றினார். அப்போதும் நீ முறையை விடவில்லை. "மஸ்தான் பாய் ஒண்ணு, மாவு ஒண்ணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் எழுந்தாய்.

பாயிடம் ஒரு சைக்கிள் கம்பி வாங்கினாய். நுனியைக் கல்லில் வைத்துத் தட்டி வளைத்தாய். பூட்டுக்குள் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, காதை அதன்மேல் வைத்து, பிள்ளை வயிற்றை அமுக்கிப் பார்க்கிற மருத்துவச்சி மாதிரி கண்ணை மூடிக்கொண்டாய்.  என் மாமியார் வேண்டாத சாமி இல்லை. முட்டி வலி இருந்துவிட்டுப் போகட்டும், பூட்டைத் திற என்று வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். "டக்" என்று ஒரு சத்தம் வந்தது. அதுவரைக்கும் நான் கேட்ட எந்த மேளமும் அவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ போகவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது அடுப்பை மூட்டினாய். வடைக்குப் பருப்பு ஊற நேரம் இல்லை, வெங்காய போண்டா போடலாம் என்றாய். இரும்பு நாறும் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்து மாவு பிசைந்தாய். மஸ்தான் பாய் கடையை மூடிவிட்டு வந்து வெங்காயம் உரித்தார். கோவிந்தசாமி கம்பெனிக்குப் போய் எல்லாம் தயார் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து தேங்காய் உடைத்தார். கசப்பு தெரியாமல் இருக்கச் சட்னியில் பச்சை மிளகாயைத் தாராளமாக வைத்தோம். சாப்பிட்டவர்கள் கண்ணில் தண்ணீரோடு இன்னும் கேட்டார்கள். கேன்டீன் எங்களுக்குத்தான்.

உன் புருஷன் எளாவூரிலிருந்து வந்து உன்னைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். நீ போண்டா போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "பூட்டத் தொறக்க வந்தியா, ஓட்டல் தொறக்க வந்தியா?" என்றார். அவருக்கும் ஒரு இலை போட்டோம்.

அடுத்த நாள் நீ அராவிக் கொண்டுவந்த புதுச் சாவிக்கு என் மாமியார் கை நீட்டினார். நீ என் கையில் வைத்தாய். கொளத்துல போடறவங்களுக்கு எங்க கடையில சாவி கெடையாது பெரிம்மா என்றாய். சண்டை வரும் என்று நினைத்து நான் மாமியார் முகத்தைப் பார்த்தேன். ஆனால் அவரும் சிரித்துவிட்டார். "நோவு அப்படியே இருக்குதுடி, சாவிதான் கரைஞ்சி போச்சு" என்றார். அன்றிலிருந்து சாவி என்னிடம்.

அவர் லாரியை விட்டார். வீட்டோடு வந்தார். கேன்டீனில் பரிமாறினார். பெரியவன் கொஞ்ச நாளிலேயே "நைனா" என்று கூப்பிடப் பழகினான். அந்தத் தெலுங்கு வார்த்தையும், வீட்டில் தெலுங்கு பேசுகிற உன்னிடம் கற்றதுதான். அதற்கப்புறம் கம்பெனி ஆபீஸ் பீரோவா, மேனேஜரின் அம்பாசடர் காரா, ஆரணியில் அரிசி மில் ஷட்டரா, எது மாட்டிக்கொண்டாலும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் என் கேன்டீன் வழியாகப் போய், சாப்பிட்டுவிட்டுத்தான் போவாய். யார் யார் சாட்சி நின்றார்கள் என்று எனக்கு ஒப்பிப்பாய். மேனேஜர் காருக்கு அவர் பெண்டாட்டியை நீ சாட்சியாக ஏற்கவில்லை என்று கேட்டு நான் புரையேறிச் சிரித்தேன்.

அடுத்த ஐப்பசி மழையில் எதிர் வீட்டுக்காரி சாவியைத் தொலைத்துவிட்டு நனைந்துகொண்டு நின்றாள். நீ வந்தாய். மஸ்தான் பாய் சொன்னார். இரண்டாவது சாட்சிக்கு நீ வேறு எங்கும் பார்க்கவில்லை. நேராக என் வாசலுக்கு வந்து, "இது யாரு ஊடு, சொல்லு" என்றாய். உன் வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தை நேராகப் பார்த்து, "அவ ஊடுதான். உள்ள என் தேங்கா துருவி இருக்கும், அதையும் எடுத்தாந்து குடு" என்றேன்.

திறந்து முடித்து வந்து நீ கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? சாட்சிதான் சொல்லிட்டியே, இன்னும் எதுக்குடி கோவம் என்று. சாட்சி வேற, கோவம் வேற என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

நீ போய்விட்டாய், மஸ்தான் பாய் போய்விட்டார், என் மாமியாரும் என் வீட்டுக்காரரும் போய்விட்டார்கள். யார் எதைக் கேட்டாலும் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். சாவியைக் குளத்தில் போட்ட மாமியாரை அன்றைக்கே மன்னித்தேன். கேட்காமல் கதவைக் குடைந்த பையனை இன்றைக்கு மத்தியானமே மன்னித்தேன். ஆனால் மாவு மட்டும் பொங்காமல் இருந்திருந்தால், என் புருஷன் மறுபடியும் கல்கத்தா ரோட்டில் ஏறிப் போயிருப்பார். என் பிள்ளை அவரை இன்னும் மாமா என்றுதான் கூப்பிட்டிருப்பான். அது தெரிந்தேதான் அவள் தெரியாது என்றாள். நீயே வந்து கேட்டாலும் என் பதில் மாறாது, அக்கா. எதிர் வீட்டு சரோஜாவை நான் மன்னிக்கவில்லை.