தேதி சொல்லாத தாம்பூலம்

திருச்சுழி
12.9.2021

அன்பு மரியராஜுக்கு,

கோட்டைச்சாமி எழுதுவது. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்த இரண்டு வருடத்தில் அதுவே பெரிய சேதி. செல்லில் நீ பேசுவது எனக்குக் காதில் விழுவதில்லை. பபூன் வேஷம் கட்டிய நாளெல்லாம் மைக்செட்டுக் குழாய்க்குக் கீழே படுத்துத் தூங்கிய காது வேறு எப்படி இருக்கும்? அதனால் தாளில் எழுதுகிறேன். உன் அக்கா அற்புதமேரி இதைப் படம் பிடித்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீயும் எழுதி அனுப்பினால் எனக்கு வாசித்துக் காட்டுவார்களாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அக்கா அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஒரு கவர். "தம்பி குடுக்கச் சொன்னான்யா, மறுக்காம எடுத்துக்கங்க" என்றார்கள். கொரோனாவில் திருவிழாக்கள் நின்ற பிறகு ஒரு மனுஷர்கூட எனக்குத் தாம்பூலம் நீட்டவில்லை, தெரியுமா? கிழக்கே பார்த்து நின்று வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம் நாடக செட்டில் சந்தனம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் இதே மாதிரி கொடுத்திருக்கிறார்கள். ஸ்திரீபார்ட்டு கட்டி ஊரையே அழவைத்தவள் இப்போது மில்லில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் சரி. தேதி எங்கே? எந்த ஊர், என்றைக்கு, என்ன நாடகம்? பணமும் வெற்றிலையும் சேர்த்துக் கொடுத்தால் நாடகத்துக்குத் தேதி பேசியாயிற்று என்று அர்த்தம். எங்களோடு ஆர்மோனியப் பெட்டி வாசித்துத் திரிந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காவைக் கேட்டால், "எனக்கென்னய்யா தெரியும், நான் நாடகமே பாத்ததில்ல" என்கிறார்கள். ஒருவேளை நேர்த்திக்கடனுக்கு வைக்கும் நாடகமா? உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா? அப்படி ஏதாவது இருந்தால் மறைக்காதே.

கோட்டைச்சாமி

&nbsp;

ஷார்ஜா
17.9.2021

ஏலே கோட்டை,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான். நேர்த்தியும் இல்லை, யாருக்கும் நோயும் இல்லை. இங்கே என் அறையில் வீரசோழன் பையன்கள் நாலு பேர், காரியாபட்டிக்காரர் ஒருவர். எல்லோரும் சேர்ந்து பக்கத்து அறைகளிலும் கேட்டு வாங்கி அனுப்பினோம். கொடுக்கத்தான் சொன்னேன், தாம்பாளம் அக்காவின் யோசனை.

தேதியாம் தேதி. அதெல்லாம் நான் ஊருக்கு வரும்போது சொல்கிறேன், போ. இப்போதைக்கு வயிறாரச் சாப்பிடு. குடோனில் லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது. நாலு வரிதான் எழுத முடிந்தது, கோபித்துக்கொள்ளாதே.

மரியராஜ்

&nbsp;

திருச்சுழி
4.3.2022

அன்பு மரியராஜுக்கு,

உன் தேதிக்காகப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. நீங்கள் அத்தனை பேரும் கூடிக் காசு பிரித்து அனுப்பியது என்றால், ஊரில் வரி பிரித்து நாடகம் வைப்பது போலத்தானே? அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "என்னண்ணே, தொழில் போச்சா" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். "எவன்டா சொன்னது, வெளிநாட்டுப் பார்ட்டி தேதி கையில இருக்கு" என்றேன். அன்றைக்குத்தான் வீட்டுக்கு நிமிர்ந்து நடந்து வந்தேன்.

இப்போது திருவிழாவெல்லாம் மறுபடி தொடங்கிவிட்டது. நேற்று குமாரலிங்கபுரம் பக்கத்திலிருந்து ஓர் ஊர்க்காரர்கள் வந்தார்கள். பங்குனிப் பொங்கலுக்கு நாடகம், செட்டு முழுக்க எங்கள் ஆட்களே வேண்டுமாம். தாம்பூலத்தை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. உன்னுடையது முதலில் வந்தது. இவர்களுடையதையும் வாங்கிப் போட்டு, நாளைக்கு நீ அதே நாளைச் சொன்னால் நான் எந்த மேடையில் நிற்பது? வீட்டுக்காரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சந்தனம்மாள் வாய்விட்டே திட்டினாள். "அது சும்மா குடுத்த காசுய்யா, தின்னமா வாயத் தொடச்சமானு இருக்கணும்" என்கிறாள். ஆனால் ஊர்க்காரர்கள் அவளிடம் நீட்டியபோது, "பபூன் வாங்கட்டும், பெறகு நான் வாங்குறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். என்ன பேச்சு இது, எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நான் பதில் சொல்லாவிட்டால் ஆர்க்கெஸ்ட்ரா பேசிவிடுவார்களாம். உன் தேதி என்னப்பா?

கோட்டைச்சாமி

&nbsp;

ஷார்ஜா
6.3.2022

ஏலே கோட்டை,

உனக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா? கையில் வந்த நாடகத்தையா விட்டாய்? படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உங்களுக்கு நல்லது செய்யப் போய் உங்கள் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேனா?

நன்றாகக் கேட்டுக்கொள். அது தேதிக்கான பணம் இல்லை. வேலை இல்லாமல் இருக்கிறீர்களே என்று சேர்த்த உதவி. கையில் கொடுத்தால் உங்கள் மனசு சங்கடப்படும் என்று கல்யாண வீட்டில் கொடுப்பது போல அக்கா வெற்றிலை வைத்தாள். உங்கள் வழக்கம் அவளுக்கு எப்படித் தெரியும்? தேதி பிறகு சொல்கிறேன் என்று நான் எழுதியது கிண்டலுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் உட்கார்ந்திருப்பாய் என்று கனவா கண்டேன்?

உதவி என்பது உறுத்தினால் இப்படி நினைத்துக்கொள். ராணி வேஷம் கட்ட வேண்டியவர் வராமல் போக, நீ பபூன் குல்லாயோடு மகாராணி சேலையைச் சுற்றிக்கொண்டு ராஜா மடியில் போய் உட்கார்ந்தாயே, அதை இங்கே அறை அறையாகச் சொல்லித்தான் கேட்டேன். சிரித்தவன் எல்லாம் கொடுத்தான். அப்படிப் பார்த்தால் நீ சம்பாதித்த பணம்தான். உடனே போய் அந்த ஊர்த் தாம்பூலத்தை வாங்கு.

மரியராஜ்

&nbsp;

திருச்சுழி
8.3.2022

மரியராஜுக்கு,

அக்கா உன் கடிதத்தை வாசித்தார்கள். பாதியில் நிறுத்தி, "நாந்தான்யா தப்புப் பண்ணிட்டேன்" என்று கண் கலங்கினார்கள். அவுக மேல ஒரு குத்தமும் இல்லை. உன் மேலும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இரண்டு நாளாக ஆட்டுக்குட்டியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ என் கூத்தைச் சொல்லி அவர்கள் சிரித்தால் அது உன் சம்பளம், என்னுடையது இல்லை. நான் ஆடவில்லையே. அந்தப் பணத்தில் அரிசி வாங்கினோம், தீபாவளிக்குப் பேத்திக்குச் சட்டை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் நாடகத்துக்கு வாங்கியது, ஆடிக் கழித்துவிடுவோம் என்று சொல்லித்தான் செலவழித்தேன். இல்லாவிட்டால் அந்தக் கவரைத் தொட்டிருப்பேனா, எனக்கே தெரியவில்லை. பசி பெரிது, தொட்டுத்தான் இருப்பேன். ஆனால் டீக்கடையில் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.

ரோட்டில் போகிறவர்களை நிறுத்தி, "அது தேதி இல்லையாம், தருமமாம்" என்று சொல்லச் சொல்கிறாயா? திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் கையில் இல்லை. உதவி என்று வாங்கிக்கொண்டு இன்னொரு மேடையில் ஏறிச் சிரிக்க வைக்க எனக்கு வரவில்லை. வீம்பு என்று வீட்டுக்காரி சொல்கிறாள். இருக்கலாம்.

என்ன செய்யட்டும், நீயே சொல். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து நிற்பார்கள்.

கோட்டைச்சாமி

&nbsp;

ஷார்ஜா
11.3.2022

அன்புக் கோட்டைக்கு,

போன கடிதத்தில் அவசரத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள். காரியாபட்டிக்காரரிடம் நேற்று கேட்டேன். முதலிலேயே பேசியது நாடகத்துக்குத்தானாம். உதவி என்று நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். வேலை மும்முரத்தில் எனக்கு எதுவும் தலையில் ஏறுவதில்லை, உனக்குத் தெரியுமே.

ஆகையால் தேதி சொல்கிறேன், எழுதிக்கொள். சித்திரை பதினேழு, சனிக்கிழமை. திருச்சுழியில் உங்கள் வீட்டுப் பக்கத்துப் பொட்டலில். எந்த நாடகம் என்பது உங்கள் இஷ்டம். பந்தல், மைக்செட்டு, லைட் எல்லாம் எங்கள் பொறுப்பு. பங்குனியில் எங்களுக்கு ஒன்றும் இல்லை, அந்த ஊருக்குத் தாராளமாகப் போங்கள்.

நான் வர முடியுமோ என்னவோ. ஆறு வருடம் முன்பு அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததோடு சரி, பிறகு லீவு கேட்கவே இல்லை. அன்றைக்குப் பூட்டிய வீட்டைத் திறக்க மனசு வரவில்லை. அக்கா நின்று பார்த்துக்கொள்வாள்.

மரியராஜ்

&nbsp;

திருச்சுழி
12.3.2022

அன்பு மரியராஜுக்கு,

உன் கடிதத்தை வாசிக்கும்போது அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்யா, இவனுக்குப் பொய்யும் சொல்லத் தெரியல" என்றார்கள். போன ஞாயிறு தேதியே கிடையாது என்றவனுக்கு இந்த வெள்ளிக்கிழமை பந்தலும் லைட்டும் முளைத்துவிட்டது. நான் பபூனப்பா. மேடையில் வசனத்தை மறந்தவன் என்ன மாதிரி முழிப்பான் என்று எனக்குத் தெரியாதா?

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுதேன். ஏன் அழுதேன் என்று வீட்டுக்காரி கேட்டாள், எனக்கே விளங்கவில்லை.

தேதியை எழுதிக்கொண்டேன். சந்தனம்மாளிடமும் மற்றவர்களிடமும் சொல்லியாயிற்று. நாளைக்கு அந்த ஊர்க்காரர்கள் வந்தால் தாம்பூலம் வாங்கிவிடுவேன். டீக்கடையில் போய்ச் சித்திரை பதினேழு என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா நின்று பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. தேதி கொடுத்தவர் வந்து முன்னால் உட்காராமல் நாங்கள் திரை விலக்குவதில்லை. பொய்யை நீதான் சொன்னாய், இனி அதை மெய்யாக்குவதும் உன் பாடு. வீட்டைத் திறக்கப் பயமாக இருந்தால் என் வீட்டில் படுத்துக்கொள். சாவியை அக்காவிடம் வாங்கி, இன்று காலை நானும் சந்தனம்மாளும் போய் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வந்தோம். லீவு கேட்டாயா என்று மட்டும் எழுது.

கோட்டைச்சாமி