காத்திருக்காத வாரிசு

வின்ஸ்கேல், யார்க்‌ஷயர்
மே மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள மகன் ஆம்ப்ரோஸுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அதில் நமக்குள் நடப்பது உனக்கே தெரியும். நீ நலமா என்பாய், நலம் என்பேன். நான் கேட்பேன், நீயும் நலம் என்பாய். கொஞ்சம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

டோரீன் என்னிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது கூப்பிட்டாள். உன் புற்றுநோய் ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றாள். ஆப்பிள் பறிக்கும் காலம்வரை தாங்குமா என்று அவள் கேட்டதற்கு டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். விழா முடியும்வரை அப்பாவுக்குத் தெரியக் கூடாதென்று நீ கண்டிப்பாகச் சொல்லியிருந்தாயாமே. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. இத்தனை வருடத்தில் உன் மனைவி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கு, "மாமா, யார்கிட்டயாவது சொல்லலைன்னா என்னால முடியாது" என்றாள். நான் பாதிச் சவரத்தோடு நின்று கேட்டேன். அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்பது நினைவில்லை. உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

விழாவைப் பற்றி நீ கேட்பாய். அன்று சாயங்காலம் கிராமத்து மண்டபத்தில்தான் நடந்தது. நம் வீட்டுப் பெரிய கூடத்தில் அன்றைக்கு யாருக்கோ கல்யாணம். கூடத்தை வாடகைக்கு விட்டுத்தானே கூரையை ஒழுகாமல் பார்த்துக்கொள்கிறோம். நான் மேற்குப் பக்கத்து இரண்டு அறைகளோடு சரி. எனக்கு முன்னால் பிரபுப் பட்டத்தை அதிக காலம் வைத்திருந்தவர் குதிரை வண்டிக் காலத்து ஆள் ஒருவராம். சனிக்கிழமையோடு அவரைத் தாண்டிவிட்டேன். இந்த நாட்டில் ஒரு பட்டத்தை இவ்வளவு காலம் வைத்திருந்தவன் நான்தான் என்று ஒரு கண்ணாடிச் சட்டத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

படம் எடுப்பதற்காக, ராணியின் முடிசூட்டு விழாவுக்கு நான் போட்டுக்கொண்டு போன அங்கியை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அதன் வெள்ளை ரோமத்தில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. நீ போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவள் மிஸஸ் டாட். எனக்குச் சமையல், மருந்து, அதட்டல் எல்லாம் அவள்தான். அங்கியை முற்றத்தில் உதறிவிட்டு, "இதுவும் உங்கள மாதிரிதான் ஐயா. எதப் புடிச்சுத் தொங்கிட்டிருக்குன்னே தெரியல" என்றாள்.

மதுக்கடை ராய் எழுந்து வாழ்த்திப் பேசினான். "நாமெல்லாம் வேலை தேடி அலைஞ்சோம். நம்ம ஐயா நாலு மாசக் கைக்குழந்தையா தொட்டில்ல கிடந்தப்பவே வேலையில சேந்துட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அவருக்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் மனசு வரல" என்றான். எல்லாரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

லீட்ஸிலிருந்து பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். இந்தச் சாதனைக்கு என்ன ரகசியம் என்று கேட்டாள். "அப்பா சீக்கிரம் செத்துப் போகணும். நாம சீக்கிரம் சாகக் கூடாது. அவ்வளவுதாம்மா" என்றேன். வருடக்கணக்காக நான் சொல்லிவரும் பதில்தான். வாயில் அதுவாகவே வந்துவிட்டது. அதற்கும் சிரிப்பு. பிறகு அவள், "உங்க மகனுக்கும் எழுபது தாண்டிடுச்சாமே, இன்னும் பட்டத்துக்குக் காத்துக்கிட்டுத்தான் இருக்காரா?" என்று கேட்டாள். பின் வரிசையிலிருந்து கிழவன் க்ராக், "பாவம், அந்தப் புள்ள பென்ஷனே வாங்க ஆரம்பிச்சிடுச்சு. வேலைதான் இன்னும் கிடைச்சபாடில்ல" என்றான். மண்டபமே குலுங்கியது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆம்ப்ரோஸ். உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள்தான்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "என் மகன் எதுக்கும் காத்திருக்கல. எதுக்கும் எப்பவும் காத்திருந்ததில்ல. அவன் ஆப்பிள் வளக்கறான். நல்ல ஆப்பிள்" என்றேன். சிரிப்பு பொசுக்கென்று அடங்கிவிட்டது. அந்தப் பெண் தலை குனிந்து எழுதிக்கொண்டாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. பின்னால் சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே பெண்கள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை என் கையில் கொடுத்தாள். எல்லாரும் கலையும்வரை கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று யார்க் ரயில் நிலையத்தில் நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா, உங்க சாவுக்குக் காத்திருக்கறவன்னுதான் ஊரே என்னைப் பாக்குது. உங்களுக்கு ஜலதோஷம் புடிச்சாக்கூட எல்லாரும் என் முகத்தைப் பாக்கறாங்க. நான் காத்திருக்கலப்பா. அதக் காட்டறதுக்கு எனக்கு வேற வழி தெரியல" என்றாய். நான் உன் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டேன். நீ கடல் தாண்டி மனைவியின் ஊருக்குப் போய்த் தோட்டம் வாங்கியதைப் பற்றி உன் அம்மா கடைசிவரை வருத்தப்பட்டாள். எனக்கு அது புரிந்திருந்தது. மகன் என்னை இவ்வளவு விரும்புகிறான் என்று யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியுமா என்றுகூட நினைத்ததுண்டு. யாரிடம் சொல்வது?

என் தகப்பனார் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது எனக்குத் தவழக்கூடத் தெரியாது. அதனால் பட்டத்துக்காக யாருக்கும் பின்னால் நான் நின்றதில்லை. நின்றிருந்தால் உன் சங்கடத்தில் பாதியாவது சொல்லாமலே தெரிந்திருக்கும். இப்போது என்னோடு பள்ளியில் படித்தவர்களில் ஒருவரும் இல்லை. போரில் உடன் இருந்தவர்கள் இல்லை. பிரபுக்கள் சபையில் பக்கத்தில் தூங்கியவர்களும் இல்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு சாவுக்காவது கறுப்புக் கோட்டைத் தேய்த்து வைப்பார்கள். இப்போது துக்கத்துக்குப் போகக்கூட எனக்கு ஆள் மிச்சமில்லை. ஒருவன் மட்டும்தான் இருக்கிறான். அவனுக்காக அந்தக் கோட்டைப் போட எனக்கு மனமில்லை.

நேற்று தேவாலயத்துக்குப் போனேன். ஞாயிறுதோறும் பாதிரியார் நம் இருக்கையைப் பார்த்து என் நீண்ட ஆயுளுக்காக ஜெபம் செய்வார். என் பிறப்பு முதல் இங்கே அது வழக்கம். ஆராதனை தொடங்கும் முன்பே அவரிடம் போய், "எனக்குப் போதும் ஃபாதர். ஆண்டவர் தேவைக்கு மேலயே கேட்டுட்டாரு. இனிமே அந்த இடத்துல என் பையன் பேரைச் சொல்லுங்க" என்றேன். அவர் சிறு வயதுக்காரர். என் கையைப் பிடித்து இருக்கைவரை கொண்டுவந்து விட்டார். பிறகு ஆராதனையில் உன் முழுப் பெயரையும் சொல்லி ஜெபித்தார். எனக்குக் காது மந்தம்தான். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

இன்று காலை டாக்டர் ப்ரைஸை வரவழைத்தேன். விமானத்தில் ஏறப் போகிறேன் என்றேன். "உங்க இதயத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது" என்றார். "இத்தனை நாளா யாரு பொறுப்பேத்துக்கிட்டா?" என்று கேட்டேன். மிஸஸ் டாட் ஒரு மணி நேரம் சண்டை போட்டாள். இந்த வயதில் கடல் தாண்டுகிறவருக்குப் புத்தி இருக்கிறதா என்றாள். பிறகு மாடிக்குப் போய்த் தன் பெட்டியைக் கீழே கொண்டுவந்து வைத்து, "உங்களத் தனியா அனுப்பினா வழியில யாரு மாத்திரை குடுப்பா?" என்றாள். அவள் விமானமே ஏறியதில்லை. ராய் எங்களை லண்டனுக்கு அழைத்துப் போகிறான். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் உங்கள் பக்கத்து ஹாலிஃபாக்ஸில் வந்து இறங்குவோம். மாதக் கடைசிக்குள் என்கிறார்கள். டோரீனை வீண் ஏற்பாடுகள் எதுவும் செய்ய வேண்டாமென்று சொல். உன் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். அப்போது உன் மரங்களில் பூ வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை.

கண்ணா, மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடு. வாந்தி வந்தாலும் கொஞ்சம் கஞ்சியாவது குடி. அப்பாவுக்கு வேண்டி இந்த ஒரு முறை காத்திரு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ தெரியாது. இருப்பதெல்லாம் உனக்கு வந்து சேரட்டும். என் ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பா