நாலிலிருந்து அஞ்சுக்கு

இன்று காலை என் மியூசிக் வகுப்பில் ஒரு பெண் உன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். சிவப்புப் பேனாவை எடுத்து, நீ எழுதிய பாட்டுத் தாளில் மூன்றாவது கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். டெனார் குரலுக்கும் பேஸ் குரலுக்கும் இரண்டு சாய்கோடு இழுத்தாள். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "சார், இதை எழுதினது யாரு? ஃபர்ஸ்ட் இயர் மிஸ்டேக் சார் இது" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அடுத்தவன் தாளில் தப்பு கிடைத்தால் உன் முகம் இப்படித்தான் பசியாறின மாதிரி ஆகும். என் சிநேகிதன் எழுதியது, அவன் போன வருஷம் செத்துப்போய்விட்டான் என்றேன். பாவம், பயந்துவிட்டாள். அழித்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டு பையில் ஒயிட்னரைத் தேடினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே மருந்துக்கடை, அதற்கு முன்னால் வேளச்சேரி ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வழக்கம்போல ஒன்றும் நகரவில்லை. அங்கே நின்றபடி உன்னை மனசார ஒருமுறை திட்டினேன்.

போனவர்களுக்கு எழுதுகிற மடலில் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டுமாம். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அது வரவில்லை. நீ கொடுமைக்காரன். இருக்கும்போதும் அப்படித்தான், போகும்போதும் அப்படித்தான் போனாய்.

தாம்பரத்தில் நாம் சேர்ந்த அந்த மேற்கத்திய சங்கீத தியரி வகுப்பை நினைத்துப் பார். மற்றவர்கள் எல்லாரும் சர்ச் கோயரில் வளர்ந்த பிள்ளைகள். மேலே சோப்ரானோ, அடியில் பேஸ், நடுவில் ஆல்ட்டோவும் டெனாரும் என்று நாலு குரலாகப் பிரிந்து பாடுவது அவர்களுக்குச் சோறு தின்கிற மாதிரி. கோயில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நீயும் நானும்தான். நீ கொஞ்ச நாள் மிருதங்கம் தட்டியவன். நான் பம்மலில் சனிக்கிழமை பஜனைக்கு ஆர்மோனியம் வாசித்தவன். பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கேயே என் விரலும் போக வேண்டும், எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். அதனால் நாலு குரல் எழுதச் சொன்னபோது மற்ற மூன்றையும் சோப்ரானோ பின்னாலேயே ஓடவிட்டேன். மேடம் தாளைப் பார்த்துவிட்டு, "நாலு பேரை எழுதச் சொன்னா ஒரு ஆளையும் மூணு நிழலையும் எழுதியிருக்கியேப்பா" என்றார். அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நீதான் பின்வரிசையிலிருந்து சிரித்தாய். அன்றைக்கு எனக்குப் "பின்பாட்டு" என்று பேர் வைத்தாய். மூன்று வருஷமும் கேண்டீன்காரர் உட்பட எல்லாருக்கும் நான் பின்பாட்டுதான்.

அந்த வகுப்பில் நாம் மாய்ந்து மாய்ந்து படித்தது ஒரே ஒரு விதியைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு குரல் ச-விலும் இன்னொரு குரல் ப-விலும் நிற்கலாம், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் அடுத்த அடியில் இரண்டும் அதே இடைவெளியோடு சேர்ந்து ஏறக் கூடாது, சேர்ந்து இறங்கவும் கூடாது. அப்படிப் போனால் பாரலல் ஃபிஃப்த். இரண்டு ஆளாக இருந்தவர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள், நாலு குரலில் ஒன்று காணாமல் போய்விடும். நாலாவது சுரத்தின் கார்டிலிருந்து, அதாவது அதன்மேல் சேர்ந்து ஒலிக்கிற சுரக்கொத்திலிருந்து, அஞ்சாவது சுரத்தின் கார்டுக்குப் போகிற இடத்தில்தான் புதிதாகப் படிக்கிற எல்லாரும் விழுவார்கள். பேஸ் ஒரு படி ஏறும். கூடவே ஏறத்தான் கை வரும். பேஸ் ஏறினால் மற்றவர்கள் இறங்க வேண்டும் என்று மேடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வீட்டுப்பாடத்தை ஒருவருக்கொருவர் மாற்றித் திருத்துவது நம் வகுப்பின் வழக்கம். என் தாள் எப்படியோ உன்னிடம்தான் வந்து சேரும். நீ வட்டம் போடுவதோடு விட மாட்டாய். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என் தப்பான டெனாரைச் சத்தமாகப் பாடிக் காட்டுவாய். காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா, "இன்னா தம்பி, ஒடம்பு சரியில்லையா?" என்று உன்னைக் கேட்பார். நீ என்னைக் கைகாட்டுவாய்.

அதையெல்லாம் மறந்துவிட்டேன். கடைசி வருஷ நிகழ்ச்சியை மறக்கவில்லை. நான் எழுதிய சின்னப் பாட்டு ஒன்றை வகுப்பே பாடுவதாக இருந்தது. அப்பா தோல் கிடங்கில் லீவு கேட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மா பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடை ஏறப் போகிற நேரத்தில் நீ மேடத்திடம் தாளை நீட்டினாய். ஆல்ட்டோவுக்கும் பேஸுக்கும் நடுவே ஒரு பாரலல் ஃபிஃப்த். யாரும் பார்க்காதது, மேடமே பார்க்காதது. திருத்திப் பாடவைக்க நேரமில்லை, பாட்டை எடுத்துவிட்டார்கள். முந்தைய நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று உன் சட்டையைப் பிடித்தேன். "இப்பதான்டா பாத்தேன். பாத்த பிறகு எப்படிடா சும்மா இருக்கறது?" என்றாய். அப்பா பம்மல் வரைக்கும் பஸ்ஸில் சலவைச் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு நீயே வீட்டுக்கு வந்தாய். என் அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டே, உங்கள் பிள்ளை எழுதினதில் தப்பு இருந்தது, அதனால்தான் பாடவில்லை என்று அவளிடமே சொன்னாய். அம்மா இன்னொரு தோசை போட்டாள். தெருமுனை வரை உன்னைக் கொண்டுவிட வந்தபோது ஒப்பந்தம் பேசினோம். "நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீயும் என்கிட்ட சொல்லாத. போதும்டா" என்றாய். பொய் சொல்லாதது மட்டுமா, அன்றிலிருந்து நானும் உன் தாளில் ரத்தம் வரும்வரை தோண்டினேன். நீ சர்ச்சுகளுக்கு எழுதிக் கொடுத்ததை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எழுதியதை, எதையும் விட்டதில்லை. நம் சிநேகிதம் என்று பிறர் எதைச் சொன்னார்களோ தெரியாது. எனக்கு அதுதான் சிநேகிதம்.

உனக்கு உடம்பு முடியாமல் போனது அதற்குப் பல வருஷம் கழித்து. வயிற்றில் புண் என்று உனக்குச் சொன்னார்கள். எங்களுக்கு வேறு சொன்னார்கள். உன் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்கு நடுவே சொன்னாள். "அவனுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவான். நீ மட்டும் வாயைத் திறந்துடாதப்பா. உன்னை நினைச்சாதான் எனக்கு பயம்." நான் தலையாட்டினேன். எந்த வீட்டில்தான் இப்படிச் செய்யவில்லை? எங்கள் பெரியப்பா கடைசி மூச்சு வரை தனக்கு வாயுத் தொல்லை என்றே நம்பினார்.

ஆனால் உன் வீட்டில் எல்லாரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். அது உனக்குப் பொறுக்கவில்லை. கார் நிறுத்துகிற இடத்துக்காக உன்னோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட மாமா உனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். உன் அம்மா டிவி ரிமோட்டை உன் கையிலேயே விட்டுவிட்டார். நீ ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். மிச்சம் இருந்தவன் நான் ஒருவன்.

அன்று மத்தியானம் தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாய். எட்டே கட்டம். "சும்மா கெடக்கறதுக்கு எழுதினேன். பாரு" என்றாய். பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் நாலிலிருந்து அஞ்சுக்குப் போகிற இடம். பேஸ் ஏறுகிறது. டெனாரும் கூடவே ஏறுகிறது. சேர்ந்த முதல் மாதத்தில் நான் செய்த தப்பு, நீ உன் வாழ்நாளில் செய்யாத தப்பு. நான் நிமிர்ந்து உன் கையைப் பார்த்தேன். ஊசி போட்டுப் போட்டுக் கறுத்துப்போயிருந்தது. மாத்திரை மயக்கத்தில் எழுதியிருக்கிறான், இந்தக் கை இனிமேல் எதை எழுதப்போகிறது என்று நினைத்தேன்.

"சரியா இருக்குடா" என்றேன்.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். சரியா இருக்கு."

நீ தாளை வாங்கி நாலாக மடித்தாய். அதைத் திரும்பத் தலையணைக்கு அடியில் வைத்தாய். உள்ளே குக்கர் சத்தம் போட்டது. அது அடங்குகிறவரை காத்திருந்துவிட்டுக் கேட்டாய்.

"அப்ப எத்தனை நாளாம்?"

நான் எதுவும் சொல்லவில்லை. இதை நீயாவது ஒத்துக்கொள்ள வேண்டும். அன்று என் வாயிலிருந்து வந்தது 'சரியா இருக்கு' என்பது மட்டும்தான். டாக்டர் என்ன சொன்னார், எத்தனை மாதம் என்றார், ஒரு எழுத்துகூட நான் சொல்லவில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போய்ட்டு வா பின்பாட்டு" என்றாய். அதுதான் நீ என்னோடு பேசிய கடைசி வார்த்தை.

வேண்டுமென்றே ஒரு தப்பை எழுதி, நான் சொன்ன பொய்யிலிருந்தே எல்லாம் தெரிந்துகொண்டு, என்னைப் பொறி வைத்துப் பிடித்தாய். சரி, அதுவரை பொறுத்துக்கொள்வேன். வலையை விரித்தவன் நீ, விழுந்தவன் நான், எப்போதும் நடப்பதுதான். ஆனால் அன்று சாயங்காலமே உன் அம்மாவைக் கூப்பிட்டு, "எனக்கு எல்லாம் தெரியும்மா. அவன் சொல்லிட்டான்" என்று சொன்னாயே, அது எதற்கு? அக்கா போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "உன்னை நம்பினேன்ல. இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத" என்று மெதுவாகச் சொல்லி வைத்துவிட்டாள். நான் சொல்லவில்லை அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. பின்னே யார் சொன்னது என்று கேட்டால்? சாகப்போகிற தம்பி பொய் சொல்கிறான் என்று அவளிடம் சொல்லவா?

நீ அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. உன்னை எடுத்துக்கொண்டு போனபோது நான் தெருமுனை டீக்கடையில் நின்றிருந்தேன். கல்லூரி நண்பர்கள் எல்லாரும் உள்ளே போய் மாலை போட்டுவிட்டு வந்தார்கள். நீ ஏன்டா வெளியே நிற்கிறாய் என்று ஒருவன் கேட்டான். செருப்பு அறுந்துவிட்டது என்றேன். வண்டி என்னைத் தாண்டிப் போனது. அதில் உன் மாமா உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நிமிஷத்தில் உன்மேல் இருந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது.

போன மாதம் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது உன் அம்மா. இறங்கவும் வழியில்லை, நகரவும் இடமில்லை. முழங்காலோடு முழங்கால் இடிக்க, சேலையூர் ஏரியைத் தாண்டினோம். பிறகு அவர்தான் ஆரம்பித்தார். அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை என்றார். தனக்கும் ரொம்ப நாள் கோபம் இருந்தது என்றார்.

"அப்புறம் யோசிச்சுப் பாத்தேம்ப்பா. பெத்தவ நானே அவன்கிட்ட பொய் சொல்லிகிட்டு இருந்தேன். நீ ஒருத்தன்தான் பொய் சொல்லல. அவனே சொன்னான், அவன் ஒருத்தன்தாம்மா எனக்கு உண்மையா இருந்தான்னு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்கு வாப்பா."

உனக்கு நான் சொன்ன ஒரே பொய்க்காக உன் அம்மா என்னை உண்மையானவன் என்கிறார். மறுக்க முடியவில்லை. மறுத்தால் நீ பொய் சொன்னது தெரிந்து, அவர் மனசில் மிச்சமிருக்கிற பிள்ளையும் போய்விடுவான். ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த பையன்கூட நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்குக் கீழே அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நாலாக மடித்த கோடுகள் தெரிகின்றன. பிள்ளை கடைசியாக எழுதியது என்று உன் அம்மா அதற்குப் பொட்டு வைத்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் வருஷத் திதி. என் மாணவர்களை அழைத்து வந்து இதைப் பாடவைக்க முடியுமா என்று கேட்டார். வகுப்புக்கு நகல் போட, தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்டார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. சரியாத்தானே எழுதியிருக்கான்?"

"சரியா இருக்கும்மா" என்றேன். அதே இரண்டு வார்த்தை.

இன்று அந்தப் பெண் விடவில்லை. இரண்டே நிமிஷத்தில் திருத்திவிடலாம் சார், கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் சார் என்றாள். சிரிக்கத்தான் செய்வார்கள். நம் பழைய வகுப்பு முழுக்க வருகிறது. மேடமும் வருகிறார். ஒரு ஃபிஃப்த் கடந்தால் தூக்கத்தில்கூடப் புருவம் தூக்குகிற காதுகள் அவை. இவனா இப்படி எழுதினான் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எங்கும் தப்பே விடாத உன் பேர் அந்த ஒரு கட்டத்தில் போகும். நான் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படியே பாடுங்கள், ஒரு சுரம்கூட மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு ஃபிஃப்துக்காக நீ என் பாட்டை நிறுத்தினாய். உன்னுடையதை நான் நிறுத்தப்போவதில்லை. சோப்ரானோ அந்தப் பெண், ஆல்ட்டோ அவள் தோழி, பேஸ் பாட பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார். டெனாருக்கு ஆள் இல்லை, நான்தான் பாட வேண்டும். காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். நாலிலிருந்து அஞ்சுக்குப் போகிற இடத்தில் தொண்டை தானாக இறங்கப் பார்க்கிறது. பிடித்து இழுத்து, பேஸ் பின்னாலேயே ஏறுகிறேன். பாடி முடித்ததும் உன் அம்மா என் பக்கம் திரும்பி மறுபடியும் கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.