உயர வண்டியா, நீள வண்டியா

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அம்மா சுகம், அம்மாவின் புது இடுப்பு மூட்டும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சண்டையைக் குறைத்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீ அனுப்பிய அட்டவணை வந்து சேர்ந்தது. உயரமான எஸ்யூவியா, தாழ்ந்து நீண்ட வேகனா என்று நாற்பது வரி போட்டு, வரிக்கு வரி மார்க் கொடுத்து, கடைசியில் எஸ்யூவியை மூன்று மார்க் வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்திருக்கிறாய். போனில் நீ கேட்டபோது வாங்கியாயிற்று, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன், அதில் உனக்கு வருத்தம் என்று மாப்பிள்ளை சொன்னார். போனில் சொன்னால் அம்மா பக்கத்தில் நின்று பாதியை மறைக்கச் சொல்லியிருப்பாள், அதனால்தான் கடிதம்.

நம் பழைய கார் கியர் பாக்ஸ் போய் நடுரோட்டில் நின்றது உனக்குத் தெரியும். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, பதினேழு வருஷம் உழைச்சிருக்கு சார், நிம்மதியா விட்டுடுங்க என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டான். எனக்கோ வண்டி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. பழுது பார்க்கத் தினமும் நாலு பல் மருத்துவமனைக்காவது போயாக வேண்டும், நாற்காலி ஏறவில்லை, ஏறினால் இறங்கவில்லை என்று விடிந்தால் போன். அதனால் உன் மாமா தன் எஸ்யூவியைப் பத்து நாளைக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்பதைவிட, இதுதான் வண்டி, மத்ததெல்லாம் பொம்மை என்று பிரசங்கம் பண்ணிவிட்டுச் சாவியைக் கையில் திணித்தார் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அந்த வண்டி கனகச்சிதம். இருக்கை சரியாக அவள் இடுப்பு உயரம், சாய்ந்தால் உட்கார்ந்தாயிற்று. விழுந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு ஐந்து மாதத்தில் முகம் சுளிக்காமல் அவள் ஒரு வண்டியில் ஏறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன், இதையே வாங்கிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். என் பாடுதான் திண்டாட்டம். டிக்கி என் இடுப்புக்கு மேலே இருக்கிறது, பல் நாற்காலிக்குக் காற்றுக் கொடுக்கும் இருபத்தைந்து கிலோ கம்ப்ரஸரை அதில் ஏற்றி இறக்குவதற்குள் முதுகு விட்டுப் போகிறது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தைலம் தேய்த்தேன். ஆனால் உன் அம்மாவின் மூக்குக்கு எந்தத் தாழ்ப்பாளும் கிடையாது. மூன்றாம் நாள் காலையில், எனக்கு உயரத்தில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது, தாழ்வான வண்டியே பாருங்கள் என்று ஆரம்பித்தாள். ஒட்டடை அடிக்க ஸ்டூல் மேல் ஏறி நிற்பவளுக்குத் தலை சுற்றுகிறதாம். நான் அவள் இடுப்புக்காக எஸ்யூவி என்கிறேன், அவள் என் முதுகுக்காக வேகன் என்கிறாள், காரணத்தை மட்டும் இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தது.

ஐந்தாம் நாள் நடந்ததைத்தான் உனக்கு எழுத நினைத்தேன். அம்மாவை உடற்பயிற்சிக்கு அழைத்துப் போகக் காலையில் கீழே இறங்கினோம். கீழ்வீட்டு பஸ் டிரைவரின் பெண் குழந்தை, நாலு வயது, நீ போன வருஷம் வந்தபோது உன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாளே, அவள் மதில் ஓரமாகச் சாக்பீஸால் தரையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவை மெதுவாக ஏற்றி, ஊன்றுகோலைப் பின்னால் வைத்து, சுற்றி வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். கண்ணாடி வழியே எதிரே கேட் வரைக்கும் பளிச்சென்று காலி. கால் பிரேக்கிலிருந்து எழும்பிய நேரம் அம்மா என் கையைப் பிடித்தாள். கத்தவில்லை.

"கொஞ்சம் நில்லுங்க. அந்தக் குழந்தை எங்க?"

உள்ளே போயிருப்பாள் என்றேன். அம்மா, "கதவு சத்தமே கேக்கலையே" என்றாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், நேரமாகிறது. இருந்தாலும் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி முன்னால் போய்ப் பார்த்தேன். பம்பருக்கு ஒரு கை தூரத்தில் குந்தி உட்கார்ந்து மீன் வரைந்துகொண்டிருக்கிறாள். வண்டிச் சத்தம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. என்னை அண்ணாந்து பார்த்து, தாத்தா, வாலை மிதிக்கிறீங்க, காலை எடுங்க என்றாள். காலை எடுத்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு உடற்பயிற்சிக்குப் போகவில்லை.

ஒன்றும் ஆகவில்லையே, சொல்லாமல் விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் சாயங்காலம் பஸ் டிரைவர் வேலை முடிந்து வந்து மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோது என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் குழந்தையை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தார், என்னை ஏறி உட்காரச் சொன்னார். தெரிகிறதா என்றார், தெரியவில்லை. ஓர் அடி தள்ளி வைத்தார், தெரியவில்லை. ஏழாவது அடியில்தான் வாளியின் அடிப்பாகம் கண்ணில் பட்டது. அவர் இறங்கச் சொல்லிவிட்டுத் தாமும் ஏறிப் பார்த்தார், இறங்கினார்.

"வண்டிய மட்டும் குத்தம் சொல்ல முடியாது சார். ஏறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வரணும். இருபது வருஷமா நான் அத பண்ணாம பஸ்ஸ எடுத்ததில்ல."

அவ்வளவுதான் சொன்னார். அவர் மனைவி ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை, அதில் தப்பே கிடையாது. மறுநாளே மாமாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனால் இப்போது அவரும் ஒரு சுற்று சுற்றி வந்துதான் ஏறுகிறார் என்று உன் அத்தை சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை ஷோரூம்காரர் ஒரு வேகனை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். பஸ் டிரைவர் கூப்பிடாமலே வாளியோடு வந்துவிட்டார். இதில் நாலாவது அடியில் தெரிந்தது. இதிலும் மூன்று அடி குருடுதான், அதை மறந்துவிடாதீர்கள் என்றார். டிக்கி என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, கம்ப்ரஸரைத் தூக்கவே வேண்டாம், சாய்த்துத் தள்ளினால் போதும். ஆனால் அம்மா என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு தரம் முயன்றாள். உதடு வெளுத்துவிட்டது. ஷோரூம்காரர் கை நீட்டினார், வேண்டாம் என்றாள். நான் போனேன், நீங்களும் தள்ளி நில்லுங்கள் என்றாள். கடைசியில் கதவைப் பிடித்துத் தானே எழுந்துவிட்டாள், நான் அப்போதே இதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாவம் அந்த மனிதர், மென்று விழுங்கி, மேடம், டிரைவர் சீட்டை மட்டும் லிவரால் உயர்த்தலாம், இந்தப் பக்கத்துச் சீட்டுக்கு அந்த வசதி இல்லை என்றார். அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊன்றுகோலோடு வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவர் லிவரை நாலைந்து தரம் இழுத்து இருக்கையை உச்சிக்கு ஏற்றினார். அம்மா முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே திருப்பி வைத்தாள், பிறகு அதேபோல வெளியே வைத்து எழுந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை.

ஓட்டுவதற்கு டாக்டர் என்ன சொல்வாரோ என்று நான் இழுத்தேன். அதற்கு அவள், வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவர் ரெண்டு மாசம் முன்னாடியே ஓட்டலாம்னுட்டார். எனக்குத்தான் பயமா இருந்துச்சு, உங்ககிட்ட சொல்லல."

வாலு, இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவள், உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு மழையிலும் கொண்டுபோய் விட்டவள். விழுந்த பிறகு அவளுக்கு வலி மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கே வேகனுக்குக் கையெழுத்துப் போட்டோம். வண்டி வந்த பிறகு பத்து நாள் காலையில் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். நேற்று என்னைப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கம்ப்ரஸரோடு இறக்கிவிட்டுத் தான் நிறுத்தி வைத்த தையல் வகுப்பைத் திரும்ப ஆரம்பிப்பது பற்றிப் பேசிவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன் இறங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள், கோல் தட்டித் தட்டி, பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்ததைச் சட்டையே பண்ணவில்லை. வண்டி நகர்ந்ததும் கையசைக்கலாம் என்று தூக்கினேன். என்னைப் பார்ப்பானேன், ரோட்டைப் பார்க்கட்டும் என்று இறக்கிக்கொண்டேன்.

நீ போட்ட அட்டவணை தப்பு என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். நீங்கள் அங்கே வாங்கும்போது மாப்பிள்ளையையும் எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, போய்க் காட்டினாயா? அப்பா நாற்காலியைத்தான் பழுது பார்ப்பேன், பல்லை அல்ல. தள்ளிப் போடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்து, நூறாண்டு வாழ வேண்டும். அம்மா முத்தம் கொடுக்கச் சொன்னாள், தானே எழுதுகிறேன் என்றும் சொன்னாள், ஆனால் வண்டி துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அப்பா